நுனியில்லாத நூல்

சித்தியின் இருமலை முதலில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. மாரிகாலம். ஊரில் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். மல்லியும் சுக்கும் அவித்துக் குடித்தார். ஒரு மருத்துவர் பாணி மருந்து தந்தார், இன்னொருவர் அன்டிபயோட்டிக் தந்தார். சயரோகமாக இருக்கலாம் என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நிம்மதி. அந்த நிம்மதி மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது.

நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அந்தச் சளி அறிக்கையை என் கையால் வாங்கிப் பார்த்தேன். "சயம் இல்லையென்றால் பின்னே என்ன?" என்று கேட்டிருக்க வேண்டிய ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். கேட்கவில்லை. வட்ட ஆர்.என்.ஏ என்ற ஒன்றைப் பற்றி இதை எழுதத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்கான், பிறகு ஊசி குத்தி எடுத்த சதைத்துண்டு, பிறகு முடிவு: நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை. ஊசி குத்தியபோது நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிட்டது. அப்படி நடப்பது உண்டு, யாருடைய பிழையும் இல்லை. ஆனால் சித்திக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கட்டிலில் கிடக்க வேண்டி வந்தது. "இனி உந்த ஊசி மட்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். நோயைவிட அந்த ஊசியைத்தான் அவர் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறார்.

பார்க்க வந்த சனம் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மனுசி சுருட்டே குடிக்கேல்லையே?" உண்மைதான். குடித்தது அப்பு. சித்தியின் தகப்பன், என் அம்மாவின் தகப்பன். இளமையில் சுருட்டுக் கொட்டிலில் வேலை. வரிசையாக இருந்து சுற்றுவார்கள், ஒருவர் மட்டும் பத்திரிகையை உரத்து வாசிப்பார். உலக யுத்தச் செய்தியெல்லாம் புகையிலை மணத்தோடுதான் தன் காதுக்கு வந்தது என்று அப்பு சொல்லுவார். எண்பது தாண்டும் வரை சுருட்டும் வாயுமாக இருந்துவிட்டு, இதயம் நின்று போனார். நுரையீரலில் ஒரு புள்ளியும் இருக்கவில்லை. மகளுக்கு வந்தது. புகைத்தல்தான் நுரையீரல் புற்றுநோய்க்கு முதற்காரணம், அதில் மாற்றுக் கதை கிடையாது. ஆனால் புகைக்காதவருக்கும் அது வரும். இந்த இரண்டு வசனத்தையும் ஒன்றாகச் சொன்னால் ஊர் ஒன்றைத்தான் கேட்கும்.

சித்தியின் சதைத்துண்டை மேலதிக சோதனைக்கு வெளியே அனுப்பினார்கள். ஈ.எம்.எல்.4, ஏ.எல்.கே என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. 2007இல் ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு கண்டுபிடித்த பிழை இது. இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு தலைகீழாகப் புரண்டு போய், தொடர்பில்லாத இரண்டு மரபணுக்கள் அக்கம்பக்கமாக வந்து ஒன்றாகிவிடுகின்றன. சித்தியுடையதும் அடங்கும் 'சிறுகலம் அல்லாத' வகை நுரையீரல் புற்றுநோய்க்காரரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்குத்தான் இது இருக்கும், அதிலும் புகைக்காதவர்களில் கூடுதலாக. இதற்கென்றே குளிசை உண்டு. கிட்டத்தட்ட நல்ல செய்தி. "கிட்டத்தட்ட" ஏன் என்றால், அந்தக் குளிசைக்கும் ஒருநாள் கட்டி பழகிப்போகும். பழகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பவும் சதை எடுக்கச் சொல்லலாம். திரும்பவும் ஊசி.

சித்தியைத் தெல்லிப்பழைக்குத்தான் கூட்டிப்போகிறோம். 2011இல் இலங்கையின் தென்கோடித் தேவேந்திர முனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரைக்கும் ஆட்கள் கால்நடையாக வந்து காசு சேர்த்தது இந்தப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத்தான். அதற்கு முன்னர் என்றால் கொழும்புக்குப் பக்கத்து மகரகமவுக்கு இரவு பஸ்.

இப்படி இருக்கையில்தான் ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் மகன் வைபரில் ஒரு இணைப்பை அனுப்பினான். "அக்கா, வட்ட ஆர்.என்.ஏ எண்டு ஒண்டு இருக்காம். இரத்தத்தில பாத்தாலே கான்சர் என்ன செய்யுது எண்டு தெரியுமாம். அம்மாவுக்குச் செய்ய ஏலாதோ?"

எனக்கு அது புதிதாக இருந்தது. ஆர்.என்.ஏ என்பது மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் இழை. படிக்கும்போது சொல்லித் தந்தது நேர்கோட்டு ஆர்.என்.ஏ மட்டும்தான். கொவிட் காலத்தில் பிசிஆர் செய்து கை காய்த்தவள் நான், ஆர்.என்.ஏ என்றால் எவ்வளவு தொட்டால்சுருங்கி என்று தெரியும். ஐஸ் பெட்டி கொஞ்சம் சூடாகிவிட்டால் போதும், மாதிரி சிதைந்து போகும். அதே ஆர்.என்.ஏ வட்டமாகி இரத்தத்தில் அலைகிறதா? அன்றிரவு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கி, பல மாதம் வாசித்தேன்.

சித்தியும் கேட்டார். "என்ன பிள்ளை, உந்த வட்டம் எண்டுறது என்ன சாமான்?"

நான் தளநாரைச் சொன்னேன். பனை ஏறுகிறவர்கள் இரண்டு காலிலும் மாட்டுவார்களே, அந்த நார் வளையம். சாதாரணக் கயிறு நுனியிலிருந்துதான் பிரியத் தொடங்கும். நுனியை முடிந்து வைக்காவிட்டால் இரண்டு நாளில் சிலும்பி நிற்கும். தளநாருக்கு நுனி ஏது? கலத்துக்குள் ஆர்.என்.ஏயைத் தின்னும் நொதியங்களில் பல நுனியைப் பிடித்துத்தான் கடிக்கத் தொடங்கும். நுனி இல்லாவிட்டால் கடிக்க இடமில்லை. அதனால் புரதம் செய்யும் கட்டளையைக் கொண்டுபோகும் சாதாரண செய்தி ஆர்.என்.ஏ சில மணி நேரத்தில் அழியும் இடத்தில், வட்டம் 48 மணித்தியாலம் தாண்டியும் கிடக்கும்.

எப்படி வட்டமாகிறது? மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கப்பட்டதும், நடுவில் இருக்கும் தேவையற்ற பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸோன் எனும் பகுதிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக ஒட்டவேண்டும். சில நேரங்களில் ஒட்டும் இயந்திரம் பின்னால் திரும்பிவிடும். மூன்றாவதின் வாலைக் கொண்டுபோய் இரண்டாவதின் தலையில் ஒட்டிவிடும். இரண்டும் மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். அவ்வளவுதான்.

வட்டமான ஆர்.என்.ஏ முதலில் தெரிய வந்தது மனிதரில் அல்ல, பயிரில். 1971இல் தியடோர் டீனர் என்பவர் உருளைக்கிழங்கை நூல் நூற்கும் கதிர் போலக் கூம்பி ஒடுங்க வைக்கும் ஒரு நோயின் காரணியைக் கண்டு, வைரஸைவிடச் சிறியதென்று அதற்கு வைரொய்ட் என்று பெயர் வைத்தார். 1976இல் ஹைன்ஸ் சேங்கரும் கூட்டாளிகளும் அது மூடிய வட்டம் என்று காட்டினார்கள். வெறும் 359 எழுத்து (ஆர்.என்.ஏ இழையைக் கோர்க்கும் நியூக்கிளியோடைட்டைத்தான் எழுத்து என்கிறேன்), புரதம் ஒன்றுகூட இல்லை. பிலிப்பீன்ஸில் தென்னைகளை இலட்சக்கணக்கில் கொன்ற கடாங்-கடாங் நோயும் இந்தச் சாதிதான். அதற்கு 246 எழுத்து. உருளைக்கிழங்கும் தென்னையும் வைத்துப் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நான் கேள்விப்படாமல் இருந்தது வெட்கமாகத்தான் இருந்தது.

மனிதக் கதை இழுபட்டது. 1979இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கலத்துக்குள் வட்டங்கள் தெரிந்தன. 1991இல் ஒரு புற்றுநோய் மரபணுவைத் தேடிய பெர்ட் வோகல்ஸ்டைனின் ஆய்வுகூடத்தில் எக்ஸோன்கள் வரிசை குழம்பி ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். பார்த்தவர்களில் அநேகர் இயந்திரத்தின் தடுமாற்றம் என்று விட்டுவிட்டார்கள். என்னைப் போன்ற ஆய்வுகூடக்காரருக்கு ரசிக்கும்படியான ஒரு காரணமும் உண்டு. செய்தி ஆர்.என்.ஏக்கு அடினீன் எழுத்துகளால் ஆன நீண்ட வால் ஒன்று இருக்கும். எல்லாரும் அந்த வாலைப் பிடித்துத் தூக்கித்தான் ஆர்.என்.ஏயைச் சேகரித்தார்கள். வட்டத்துக்கு வால் இல்லை. வருடக்கணக்காக அது கழுவுநீரோடு தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. தப்பித்தவறி வாசிப்பில் அகப்பட்டாலும், வரிசை பிழை என்று கணினி நிரல் தூக்கி எறிந்துவிடும். 2012இல் ஜூலியா சால்ஸ்மனின் குழு குப்பையைக் கிளறிப் பார்த்தது. நூற்றுக்கணக்கான மனித மரபணுக்களில் நேர்கோட்டைவிட வட்டம்தான் அதிகம் என்று கண்டது.

வட்டம்தான் என்று எப்படி உறுதி செய்வது? பிசிஆரில் பிரதியெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டுகளான இரண்டு பிரைமர்களை முகத்துக்கு முகமாக வைப்போம். வட்டத்துக்கு முதுகுக்கு முதுகாக வைக்கவேண்டும். நல்லூர்த் தேரடியில் இரண்டு பேரை முதுகுக்கு முதுகாக நிறுத்தி நடக்க விடுங்கள். வெளிவீதியால் போனால் கோயிலுக்குப் பின்னால் எங்கோ இருவரும் சந்திப்பார்கள். அதே இருவரையும் பருத்தித்துறை வீதியில் நிறுத்தினால் ஒருவர் ரவுணுக்குப் போய்விடுவார், மற்றவர் கடலில் கால் நனைப்பார். சந்திப்பே கிடையாது. கூடவே ஆர்னேஸ் ஆர் என்ற நொதியத்தைப் போட்டு நேர்கோடுகளைத் தின்ன வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பார்கள். இந்த இரண்டும் இல்லாத கட்டுரையை நான் இப்போது பாதியிலேயே மூடிவிடுகிறேன். பிரதியெடுக்கும் நொதியம் ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குத் தாவிப் பொய்யான இணைப்பைக் காட்டுவதும் உண்டு.

சரி, புற்றுநோய்க்கு வருவோம்.

2013இல் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன, ஒன்று பெர்லினிலிருந்து, மற்றது டென்மார்க்கிலிருந்து. இரண்டும் ஒரே வட்டத்தைப் பற்றியவை. சைர்ஸ்-7 என்று டென்மார்க்காரர் பெயர் வைத்தார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ என்று சின்னஞ்சிறு ஆர்.என்.ஏக்கள் உண்டு, மரபணுக்களின் வாயை அடைப்பவை. அவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. சைர்ஸ்-7 வட்டத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ-7 வந்து ஒட்டுவதற்கு எழுபதுக்கு மேற்பட்ட இடங்கள் இருந்தன. அப்போ இது ஒரு பஞ்சு, மைக்ரோ ஆர்.என்.ஏயை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்றார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ-7 அடக்கி வைப்பவற்றில், கலத்தை வளரச் சொல்லும் ஈ.ஜி.எப்.ஆர் என்ற புரதமும் ஒன்று. நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி கேட்கும் பெயர் அது. பஞ்சு உறிஞ்சினால் அடக்குமுறை தளரும், ஈ.ஜி.எப்.ஆர் எகிறும், கட்டி வளரும். எவ்வளவு அழகான கதை பாருங்கள். எனக்கும் பிடித்திருந்தது.

அந்த அழகுதான் வினை. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளை வாசித்தால் அச்சில் வார்த்தது போல இருக்கும். இன்ன வட்டம் இன்ன மைக்ரோ ஆர்.என்.ஏயை உறிஞ்சுகிறது, அதனால் இன்ன மரபணு கூடுகிறது, அதனால் நுரையீரல் புற்றுநோய் பரவுகிறது. மூன்று பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை. பெரும்பாலான வட்டங்களில் ஒட்டும் இடம் எழுபது இல்லை, ஒன்றோ இரண்டோதான். ஒரு கலத்தில் அந்த வட்டம் ஒரு சில பிரதிகள் இருக்கும். அது உறிஞ்சுவதாகச் சொல்லும் மைக்ரோ ஆர்.என்.ஏயோ ஆயிரக்கணக்கில் இருக்கலாம். சிரட்டையால் கிணறு இறைக்கிற கதை. ஆய்வுகூடத்தில் வட்டத்தைச் செயற்கையாகப் பல மடங்கு கூட்டிவிட்டால் எதுவும் நடக்கத்தான் செய்யும். அதுவும் பெரும்பாலும் ஏ549 போன்ற கலங்களில். 58 வயது மனிதர் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து 1972இலிருந்து தட்டில் வளர்த்துவரும் கலங்கள் அவை. சித்தியின் நெஞ்சுக்குள் இருப்பது அதுவல்ல.

மூலக்கதையும் ஆட்டம் கண்டது. 2017இல் சைர்ஸ்-7 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பஞ்சை எடுத்துவிட்டால் மூளையில் மைக்ரோ ஆர்.என்.ஏ-7 கூடவேண்டும் அல்லவா? குறைந்தது. உறிஞ்சிக் கெடுப்பதாக நினைத்தது உண்மையில் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

2020இல் டென்மார்க்கிலேயே இன்னோர் அடி விழுந்தது. பெருங்குடல் புற்றுநோயில் சைர்ஸ்-7 கூடுதல், ஆகவே அதுதான் வில்லன் என்று பல கட்டுரைகள் இருந்தன. லாஸே கிறிஸ்டென்சனும் மற்றவர்களும் கட்டியை அரைக்காமல், வெட்டி வைத்து வட்டம் எந்தக் கலத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள். புற்றுக் கலத்தில் இல்லவே இல்லை! சுற்றியிருந்த துணைக் கலங்களில்தான் குவிந்திருந்தது. அதுவரை மற்றவர்கள் செய்தது என்ன? ஒடியல் கூழ் குடித்துவிட்டு, உறைப்பு நண்டிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் பண்ணியது. கட்டியை அரைத்தால் புற்றுக் கலமும் இரத்தக்குழாயும் நார்க்கலமும் எல்லாம் ஒரே சட்டியில்தான்.

இதற்குள் வேண்டுமென்றே செய்த மோசடியும் கலந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜெனிபர் பேர்ன் இப்படியான மரபணுக் கட்டுரைகளில் எழுதியிருக்கும் நியூக்கிளியோடைட்டு வரிசைகளைச் சோதித்துக்கொண்டே வருகிறார். எழுதியவர்கள் சொல்லும் மரபணுவோடு பொருந்தவே பொருந்தாத வரிசைகள் குவிகின்றன. காசுக்குக் கட்டுரை செய்துகொடுக்கும் கடைகள் இருக்கின்றன. எங்களுடைய சின்ன ஆய்வுகூடத்தில் லேபல் மாறி ஒட்டிவிட்டாலே அன்றைக்குத் தூக்கம் வராது. இவர்களுக்கு எப்படி வருகிறதோ.

ஆனால் எல்லாம் பொய் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. கவனமாகச் செய்த வேலைகள் சில என்னை நிறுத்தி வைத்தன. 2021இல் வந்த ஒன்று என்.டி.யு.எப்.பி.2 என்ற மரபணுவிலிருந்து உண்டாகும் வட்டத்தைப் பற்றியது. நுரையீரல் கட்டியில் அது குறைவு. பஞ்சு வேலை எதுவும் அதற்கு இல்லை. இரண்டு புரதங்களைக் கிட்டக் கொண்டுவந்து சேர்த்துவைக்கிறது. ஒன்று மற்றதை அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. அழிகிற புரதம் கட்டியின் கூட்டாளி. அதோடு இந்த வட்டத்தைக் கண்டால் கலத்தின் வைரஸ் காவலாளி விழித்துக்கொண்டு, எதிர்ப்புக் கலங்களைக் கட்டிக்குள் கூப்பிடுகிறது. வட்டம் என்றாலே புற்றை வளர்ப்பது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் கழன்றது.

இன்னொன்று சித்தியோடு நேரே தொடர்புடையது. அவருடையது போல இரண்டு மரபணுக்கள் ஒட்டிய இடத்திலிருந்தும் வட்டம் உண்டாகும் என்று 2016இல் பியர் பாவ்லோ பண்டோல்பியின் குழு காட்டியது. 2018இல் சீன ஆய்வாளர்கள் ஈ.எம்.எல்.4–ஏ.எல்.கே ஒட்டிலிருந்து வரும் வட்டங்களை நோயாளிகளில் தேடினார்கள். அவற்றில் ஒன்று இரத்தத் திரவத்திலேயே அகப்பட்டது. இன்னொன்று கட்டியில் இருந்தது, இரத்தத்தில் இல்லை. அது கலங்களை நகரவும் ஊடுருவவும் வைக்கிறது, பெருக வைப்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே பிழையிலிருந்து வந்த இரண்டு வட்டங்களில் ஒன்று வெளியே வருகிறது, மற்றது வருவதில்லை. "இரத்தத்தில் பார்த்தால் தெரியும்" என்பது எவ்வளவு அரைகுறை வசனம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனாலும் அந்த ஒட்டு வட்டத்தின் பெறுமதி வேறு. சாதாரண வட்டங்கள் சுகதேகியிலும் இருக்கும். கூடுதலா குறைவா என்று அளந்து தலையைச் சொறியவேண்டும். ஒட்டு மரபணுவின் வட்டம் ஒட்டு இல்லாதவரில் உண்டாக வழியே இல்லை. இருந்தால் கட்டி இருக்கிறது. அது குற்றம் செய்ததா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குற்றம் நடந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறது, இரண்டு நாளானாலும் செத்துப்போகாத சாட்சி, அது போதும். என் மட்டில் வட்ட ஆர்.என்.ஏயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கட்டுரைகளைவிட, சாட்சிக் கூண்டில் ஏற்றியவைதான் நம்பத்தக்கவையாக இருக்கின்றன. 2019இல் மிச்சிகனில் அருள் சின்னையனின் குழு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புற்றுநோய் மாதிரிகளில் வட்டங்களைத் தொகுத்துப் பட்டியலாக்கி, புரொஸ்டேட் நோயாளிகளின் சிறுநீரிலும் அவற்றைக் கண்டது. பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நுரையீரலுக்கு வட்ட ஆர்.என்.ஏ இரத்தப் பரிசோதனை எந்த நாட்டின் வழக்கமான சிகிச்சை வழிகாட்டியிலும் இன்னும் இடம்பிடிக்கவில்லை. விற்கிறவர்கள் விற்பார்கள். உலகில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 24 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 18 இலட்சம் பேர் இறந்தார்கள். பயப்படுகிற சனம் இவ்வளவு இருந்தால் சந்தை இருக்கத்தானே செய்யும். நேரத்தோடு கண்டுபிடிப்பதில் இதுவரை உயிர் காத்ததாக நிரூபித்தது குறைந்த கதிர்வீச்சு சி.ரி. (CT) ஸ்கான்தான். 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட, கடுமையாகப் புகைத்த அமெரிக்கர்களில் செய்து, நுரையீரல் புற்றுநோய் இறப்பு நூற்றுக்கு 20 குறைந்ததாக 2011இல் சொன்னார்கள். அப்புவுக்கு வேண்டுமானால் அது பொருந்தியிருக்கும். சுருட்டுத் தொடாத சித்தி அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

சித்தி குளிசையோடு இருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. விறகடுப்பைக் கொத்தி எடுத்துவிட்டோம். அடுப்புப் புகையால்தான் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, இருந்தாலும் நுரையீரலுக்கு அது ஆகாதுதானே. காஸ் அடுப்பில் குழம்புக்கு ருசி வராது என்று இப்போது தினமும் ஒரு வழக்கு.

ஒருநாள் பின்னேரம் கேட்டார். "அப்ப அந்த வட்டம் நல்லதோ, கூடாததோ?"

"ரெண்டு மாதிரியும் இருக்கு சித்தி. சிலது ஒண்டும் செய்யாமச் சும்மாவும் இருக்கு."

"ஊசி இல்லாமப் பாக்கலாம் எண்டு வந்தாச் சொல்லு. மற்றதெல்லாம் உனக்கு."

தம்பி இப்போதும் இணைப்புகள் அனுப்புகிறான். நான் இப்போது வாசித்துச் சொல்வதில்லை. அவனிடமே மூன்று கேள்வி கேட்கிறேன். எத்தனை பேரில் பார்த்தார்கள்? அரைத்துப் பார்த்தார்களா, வெட்டிப் பார்த்தார்களா? இன்னொருவர் திரும்பச் செய்து அதே பதில் வந்ததா? முதலில் கோபித்தான், தாயைக் காப்பாற்ற நினைக்கிறவனிடம் சோதனைத்தாள் நீட்டுகிறேன் என்று. போன கிழமை புதிதாக ஒன்று அனுப்பினான். நான் பதில் எழுதும் முன்னமே அடுத்த செய்தி வந்து விழுந்தது.

"அக்கா, இது அரைச்சதுதான். விடுங்கோ."